குழுவை விட்டு விலகவா, வாயைத் திறக்கவா?

கேள்வி:

எனக்கு 29 வயது. மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள், இப்போது அட்டனில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். அம்மா இன்னும் கொழுந்துக்குப் போகிறார். எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்கென்று ஒரு வட்ஸ்அப் குழு இருக்கிறது. கொரோனா காலத்தில் நிவாரணப் பொதி பங்கிடத் தொடங்கியது, இப்போது முழுக்க அரசியல்தான். கொழும்பில் வேலை செய்கிற பையன்கள்தான் அதிகம் எழுதுவார்கள். அட்மின் என் பெரியப்பா மகன்.

போன மாதம் தோட்டத் தொழிலாளர்களின் 1,750 ரூபாய் நாட்சம்பளப் பேச்சு சூடாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போது ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை மாமா ஒருவர், “சம்பளம் கூடட்டும், சந்தோஷம். மாதத்துக்கு எத்தனை நாள் வேலை கொடுப்பார்கள், நாளொன்றுக்குப் பறிக்க வேண்டிய கிலோவைக் கூட்டுவார்களா என்று யாராவது கேட்டீர்களா?” என்று எழுதினார். உடனே ஏச்சு. கம்பெனியின் ஆள், துரைமாருக்கு வாலாட்டியவர், துரோகி என்று மாறி மாறி. அண்ணன் அவரை நீக்கிவிட்டு, “களையைப் பிடுங்கியாச்சு” என்று போட்டார். அதற்குப் பெருவிரல் போட்டவர்களில் நானும் ஒருத்தி. மாமா கேட்டது சரி என்றுதான் எனக்குப் பட்டது. பிறகு ஏன் போட்டேன் என்று தெரியவில்லை.

இப்போது நானும் இரண்டு கூட்டாளிகளும் தனியாக ஒரு குழு வைத்திருக்கிறோம். பெரிய குழுவில் வருவதை ஸ்கிரீன்ஷொட் எடுத்துப் போட்டுச் சிரிப்போம். அது ஒன்றுதான் ஆறுதல். போன் பேச்சுத்தானே, விட்டுத்தள்ளு என்கிறார் கணவர். விலகினால் பெரியப்பா வீட்டில் மனத்தாங்கல் வரும், தீபாவளிக்கு எல்லோரும் ஒரே வீட்டில்தான் கூடுவோம். எதிர்த்துப் பேசினால் மாமாவுக்கு நடந்ததுதான் எனக்கும். இதற்குள் அண்ணன் என்னையும் அட்மின் ஆக்குகிறேன் என்கிறார். நான் என்ன செய்ய?

பதில்:

அன்புள்ள தங்கச்சிக்கு,

முதலில் அந்தப் பெருவிரலைப் பற்றிப் பேசிவிடுவோம். கடிதத்தில் உங்களை அதிகம் உறுத்துவது அதுதான். மாமா பக்கம் நியாயம் என்று மனம் சொல்ல, கை வேறு பக்கம் போயிருக்கிறது. அதற்குக் கோழைத்தனம் என்று நீங்களே பெயர் வைத்துக்கொள்ள வேண்டாம்.

1950களில் அமெரிக்காவில் சொலமன் ஆஷ் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். ஓர் அட்டையில் ஒரு கோடு, இன்னோர் அட்டையில் மூன்று கோடுகள். மூன்றில் எது முதல் கோட்டின் நீளம் என்று சொல்ல வேண்டும். உங்கள் வகுப்பில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகூடப் பிழைவிடாது. ஆனால் அறையில் இருந்தவர்களில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் ஆஷ் பேசிவைத்த ஆட்கள். அவர்கள் வரிசையாக ஒரே பிழையான விடையைச் சொல்வார்கள். கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் அந்த ஒருவரின் முறை வரும். சுமார் மூன்றில் ஒரு பங்கு தடவைகளில் அவரும் அதே பிழையைச் சொன்னார். கலந்துகொண்டவர்களில் நாலில் மூன்று பேர் ஒரு தடவையாவது கூட்டத்தோடு போனார்கள். அங்கே பெரியப்பா மகனும் இல்லை, தீபாவளியும் இல்லை. முன்பின் தெரியாதவர்கள் முன்னால், வெறும் கோட்டு விஷயத்தில் அந்த நிலைமை. நீங்கள் சொந்தக்காரர் முன்னால், சோற்று விஷயத்தில் மாட்டிக்கொண்டீர்கள்.

அதே சோதனையில் இன்னொரு பகுதி இருக்கிறது. அதை நான் என்னிடம் வருகிறவர்களுக்கு அடிக்கடி சொல்வேன். கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னால் போதும், தலையாட்டல் முன்பிருந்ததில் நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. அந்த ஒருவர் சரியாகச் சொல்லாமல் வேறொரு பிழையைச் சொன்னால்கூட மற்றவருக்கு வாய் திறக்கும் துணிவு கொஞ்சம் வந்தது. ஆக, கூட்டத்தை மாற்றப் பாதிப் பேர் தேவையில்லை. உங்கள் குழுவில் அந்த ஒருவர் மாமாதான். அவரை நீக்கியதில் குழு இழந்தது ஓர் ஆளை மாத்திரமல்ல.

அண்ணனின் பக்கத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. ‘ஒற்றுமையாய் நில்’ என்ற பேச்சு மலையகத்தில் சும்மா வரவில்லை. 1947 தேர்தலில் மலையகத் தமிழரின் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அடுத்த வருடம் வந்த குடியுரிமைச் சட்டம் நம் ஆட்களில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியது. 1952இல் நமக்கென்று பாராளுமன்றத்தில் ஒருவரும் இல்லை. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து, 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று நம் பாட்டன் பாட்டிமாரை எண்ணிப் பிரித்தபோது, அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்படி வந்த சனத்துக்குப் பிளவு என்றாலே வயிறு கலங்கும். அதற்கு மேலே, ஒரே தோட்டத்துக்குள் மூன்று நாலு தொழிற்சங்கம், ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர், ஒவ்வொரு சங்கத்துக்கும் பின்னால் ஒரு கட்சி. சந்தா மாறினால் சொந்தம் மாறிவிடும் என்கிற வாழ்க்கை. உங்கள் அண்ணன் கெட்டவர் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் பயந்திருக்கிறார்.

ஒரே கருத்துள்ளவர்கள் ஒரே குழுவில் இருப்பதை நான் நோயாகப் பார்க்கவில்லை. சங்கம் என்றால் அப்படித்தான் இருக்கும், கட்சி என்றாலும் அப்படித்தான். கோளாறு எங்கே தொடங்குகிறது என்றால், கேள்வி கேட்டவரின் யோக்கியதையைப் பார்த்துக் கேள்வியைத் தூக்கி எறிகிற இடத்தில். மாமா கேட்டதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. கடிதத்தை இரண்டு தடவை வாசித்துப் பார்த்தேன், பதில் இல்லை. அவர் யார் என்பதற்குத்தான் அத்தனை பதிலும்.

இத்தனைக்கும் அவர் கேட்டது என்ன? கணக்கு. 2026 வரவு செலவுத் திட்டத்தில் நாட்சம்பளத்தை 1,350இலிருந்து 1,550 ஆக்குவதாகவும், வேலைக்கு வரும் நாளுக்கு ஊக்கத்தொகையாக அரசாங்கம் 200 கொடுப்பதாகவும் அறிவித்தார்கள். கூட்டினால் 1,750. நல்ல விஷயம். இப்போது உங்கள் அம்மாவை வைத்துப் பாருங்கள். 1,350 வீதம் மாதம் 20 நாள் என்றால் 27,000. 1,750 வீதம் 15 நாள் என்றால் 26,250. சம்பளம் கூடி, கைக்கு வருவது குறையும். கிலோவைக் கூட்டிவிட்டு, எடுக்காதவர்களுக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போட்டால் இன்னும் கீழே போகும். 2021இல் 1,000 ரூபாய் வந்தபோது கிலோவைக் கூட்டுகிறார்கள், நாளைக் குறைக்கிறார்கள் என்று தொழிலாளர்கள் முறையிட்டது உங்களுக்கும் நினைவிருக்கும். உங்கள் தோட்டத்தில் இந்தமுறை அப்படி நடக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதைக் கேட்பவர் கம்பெனியின் ஆளா? காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டுக்களத்தில் காலம் முழுக்க நின்று பேர் போட்ட மனிதருக்குத்தான் அந்தக் கேள்வியே தோன்றும். கொழும்பில் இருக்கிற பையனுக்கு 1,750 என்ற எண் தெரியும். கொழுந்து நிறுக்கும்போது எவ்வளவு கழிக்கிறார்கள் என்பது அவனுக்குத் தெரியாது, அவன் அம்மாவுக்குத் தெரியும். அந்த அம்மா குழுவில் இல்லை.

இதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். 1985இல் ஸ்டாசர், டைட்டஸ் என்ற இருவர், மாணவர் தலைவர் பதவிக்கு ஆள் தெரிவு செய்யும்படி சில குழுக்களிடம் சொன்னார்கள். வேட்பாளர்களைப் பற்றிய சில செய்திகளை எல்லோருக்கும் கொடுத்தார்கள், சிலவற்றை ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் மேசையில் வைத்திருந்தால் யார் சிறந்தவர் என்பது தெளிவாகத் தெரிந்திருக்கும். குழுக்களோ எல்லோருக்கும் முன்பே தெரிந்ததைத்தான் திரும்பத் திரும்பப் பேசின. ஒருவருக்கு மட்டும் தெரிந்தது பெரும்பாலும் அவரோடேயே போய்விட்டது. சண்டை சச்சரவு இல்லாத, சாந்தமான குழுக்களிலேயே இப்படி. ‘துரோகி’ என்ற சொல் தயாராகக் காத்திருக்கிற குழுவில் யார் தனக்குத் தெரிந்ததைச் சொல்வார்?

அண்ணன் செய்ததற்கும் ஒரு பெரிய இடத்து உதாரணம் உண்டு. 1961 ஏப்ரலில், அமெரிக்கா பயிற்சி கொடுத்த சுமார் 1,400 கியூபா நாட்டவர்களைப் பன்றிகள் விரிகுடாவில் இறக்கி, கியூபாவின் தலைவர் காஸ்ட்ரோவைக் கவிழ்க்கப் பார்த்தார்கள். மூன்று நாளில் எல்லாம் முடிந்தது, ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் பிடிபட்டார்கள். அமெரிக்க ஜனாதிபதி கெனடியைச் சுற்றி இருந்தவர்கள் முட்டாள்கள் இல்லை. ஆர்தர் ஷ்லெசிங்கர் என்ற ஆலோசகருக்கு இது சரிவராது என்று முன்பே தெரிந்திருந்தது, எழுதியும் கொடுத்தார். ஆனால் கூட்டங்களில் வாயை மூடிக்கொண்டிருந்தார். ஜனாதிபதியின் தம்பி ரொபட் கெனடி அவரைத் தனியாக அழைத்து, ஜனாதிபதி முடிவெடுத்துவிட்டார், இனி இதைக் கிளறாதே என்கிற மாதிரிச் சொல்லிவிட்டார். யேல் பல்கலைக்கழக உளவியலாளர் இர்விங் ஜானிஸ் 1972இல், ஒற்றுமை கெடக்கூடாது என்று கூட்டமே யோசிப்பதை விட்டுவிடுகிற குழுச்சிந்தனை என்பதை விளக்கியபோது, இப்படிக் கூட்டத்தின் மனதுக்குக் காவல் நிற்பவர்களையும் அதன் அறிகுறிகளில் ஒன்றாகக் காட்டினார். அந்தத் தம்பி பாசத்தில்தான் செய்தார். உங்கள் அண்ணனும் அப்படித்தான் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த வருடம் கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் வந்து நின்றபோது, தான் இருந்தால் மற்றவர்கள் மனம்விட்டுப் பேசமாட்டார்கள் என்று கெனடி சில கூட்டங்களுக்கு வேண்டுமென்றே போகாமல் இருந்தார். அதே தம்பிதான் அப்போது குறுக்குக் கேள்வி கேட்பவராக உட்கார்ந்தார். ஆள் மாறவில்லை, வேலைதான் மாறியது. இதை எதற்குச் சொல்கிறேன் என்பது கடைசியில் வரும்.

குழு ஏன் வரவரச் சூடாகிறது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தெரிந்திருப்பது நல்லது. 2005இல் காஸ் சன்ஸ்டீன் என்ற சட்ட அறிஞரும் கூட்டாளிகளும் கொலராடோ மாநிலத்தில் இரண்டு ஊர் ஆட்களைத் தனித்தனியாகக் கூட்டினார்கள். ஒன்று இடதுசாரிப் போக்குள்ள ஊர், மற்றது வலதுசாரி ஊர். ஒரே ஊர்க்காரர்களைச் சிறு குழுக்களாக உட்கார வைத்து, காலநிலை ஒப்பந்தம் போன்ற சில விஷயங்களைப் பேச விட்டார்கள். பேசி எழும்பியபோது இரண்டு பக்கமும் வந்ததைவிடத் தீவிரமாகியிருந்தார்கள். குழுவுக்குள் முன்பு இருந்த சின்னச் சின்ன வித்தியாசங்களும் காணாமல் போயிருந்தன. தனியாக எழுதிக் கொடுத்த விடையிலும் அப்படித்தான் இருந்தது, வெளிவேஷம் இல்லை. ஒரு மணித்தியாலம்கூட எடுக்காத பேச்சுக்கே இது. உங்கள் குழு கொரோனா காலத்திலிருந்து ஓடுகிறது.

அப்புறம், குழுவில் எழுதாதவர்களை எண்ணிப் பாருங்கள். 2024 செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் நுவரெலியா மாவட்டத்தில் முன்னால் வந்தவர் சஜித் பிரேமதாச. எட்டு வாரம்கூட ஆகாமல் நவம்பர் 14 பொதுத் தேர்தலில் அதே மாவட்டத்தை வென்றது அவருக்கு எதிர்ப்பக்கமான தேசிய மக்கள் சக்தி. யாருக்குப் போட்டது சரி என்ற பேச்சுக்கு நான் வரவில்லை. கேட்டாலும் இந்தப் பத்தியில் சொல்லமாட்டேன். லயத்து வாசலில் ஒரு விதமாகப் பேசியவர்கள் வாக்குச்சீட்டில் வேறு விதமாகப் புள்ளடி போட முடியும் என்பதைத்தான் சொல்கிறேன். உங்கள் குழுவிலும் பத்துப் பேர் சத்தம் போடுகிறார்கள், மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் ‘எனக்கு மட்டும்தான் இப்படித் தோன்றுகிறது’ என்று நினைத்துக்கொண்டு பெருவிரல் போடுகிறார்கள். நீங்கள் போட்ட பெருவிரலைப் பார்த்து, டீச்சரே போட்டுவிட்டார் என்று இன்னும் இரண்டு பேர் போட்டிருப்பார்கள்.

சரி, இனி உங்களுக்குப் பிடிக்காத பகுதி. அந்த மூன்று பேர் குழு.

ஆறுதலுக்கு ஓர் இடம் வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே என்ன நடக்கிறது? பெரிய குழுவின் மிக மோசமான செய்தியைத் தேடி எடுத்து, வெட்டி, ஒட்டி, சிரிக்கிறீர்கள். நல்லதாக எழுதப்பட்ட ஒன்றையாவது ஸ்கிரீன்ஷொட் எடுத்ததுண்டா? சி. தி நுயென் என்ற தத்துவப் பேராசிரியர் ஒரு வித்தியாசத்தைக் காட்டுகிறார். மறுபக்கத்தின் பேச்சு காதுக்கே எட்டாமல் இருப்பது ஒன்று. பேச்சு நன்றாக எட்டியும், பேசுகிறவர்கள் எல்லோரும் விலைபோனவர்கள், மண்டையில் ஒன்றும் இல்லாதவர்கள் என்று முன்கூட்டியே முத்திரை குத்தப்பட்டிருப்பது இன்னொன்று. எதிரொலி அறை என்று அவர் சொல்வது இரண்டாவதை. அவர்களுக்கு மாமா கம்பெனியின் ஆள். உங்கள் மூவருக்கும் அவர்கள் மந்தைகள். அறையின் அளவுதான் வித்தியாசம்.

மறுபக்கத்தை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தால் மனம் விரியும் என்றும் நம்ப வேண்டாம். 2018இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் இரண்டு கட்சிக்காரர்களையும் ஒரு மாதம் எதிர்க்கட்சியின் டுவிட்டர் பதிவுகளைப் பார்க்க வைத்தார்கள். குடியரசுக் கட்சிக்காரர்கள் தங்கள் பக்கத்தில் முன்பைவிட இறுகிப்போனார்கள். மற்றவர்களிடமும் விரிவு ஒன்றும் தெரியவில்லை. முகம் தெரியாத பதிவு கோபத்தைத்தான் வளர்க்கும். ஆகவே ஸ்கிரீன்ஷொட் விளையாட்டை நிறுத்துங்கள். அந்த இரண்டு கூட்டாளிகளை நிறுத்த வேண்டாம், அவர்களிடம் வேறு வேலை இருக்கிறது.

கணவரிடம் ஒன்று சொல்லுங்கள். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் திகனயிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம் மக்களின் வீடும் கடையும் எரிந்தபோது, அரசாங்கம் ஃபேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் நாட்கணக்கில் முடக்க வேண்டி வந்தது. ஃபேஸ்புக் நிறுவனம் தன் பங்குக்காக 2020இல் மன்னிப்பும் கேட்டது. உங்கள் குழு அந்த இடத்துக்குப் போகும் என்று நான் பயப்படவில்லை. ஆனால் போன் பேச்சு போனோடு நிற்கும் என்று மலைநாட்டில் இருந்துகொண்டு யாரும் சொல்லக்கூடாது.

விலகவா என்று கேட்டீர்கள். இப்போதைக்கு வேண்டாம். விலகினால் உங்களுக்கு நிம்மதி, குழுவுக்கு இன்னும் ஒரு குரல் குறைவு. தூக்கம் கெடுகிறது, போனை எடுக்கவே நெஞ்சு படபடக்கிறது என்றால் அது வேறு விஷயம். அப்போது யோசிக்காமல் விலகுங்கள், சொந்தக்காரருக்கு ஏதாவது காரணம் சொல்லிக்கொள்ளலாம்.

எதிர்த்துப் பேசவா என்றால், குழுவுக்குள் எதிர்த்துப் பேச வேண்டாம், கேளுங்கள். “நீங்கள் எல்லோரும் பிழை” என்று எழுதினால் பத்து நிமிடத்தில் நீங்களும் களை. “நம் தோட்டத்தில் போன மாதம் எத்தனை நாள் வேலை கொடுத்தார்கள்? அவரவர் வீட்டில் கேட்டு எழுதுங்கள்” என்று போட்டால் யாருக்கும் கோபம் வராது, ஆனால் மேசைக்குச் செய்தி வந்துவிடும். கொழும்புப் பையன்கள் அம்மாவுக்குப் போன் எடுக்க வேண்டி வரும். அதுவே பாதி வெற்றி. உங்கள் கூட்டாளிகள் இருவருக்கும் வேலை இங்கேதான். நீங்கள் கேட்ட உடனே அவர்கள் இருவரும் தங்கள் வீட்டுக் கணக்கைப் போடட்டும். ஆஷின் சோதனையில் வந்த அந்த ஒருவருக்குப் பதிலாக உங்களிடம் இருவர் இருக்கிறார்கள். ஆனால் உண்மையில் மனதில் இருப்பதை மட்டும் கேளுங்கள். ‘சும்மா ஒரு வாதத்துக்காக’ என்று எதிர்க்கட்சி வேஷம் கட்ட வேண்டாம். அப்படி நடிப்பவரைவிட உள்ளபடி மாறுபடுகிறவர்தான் கூட்டத்தைக் கூடுதலாக யோசிக்க வைக்கிறார் என்று சார்லன் நெமத் என்ற உளவியலாளர் சோதனை செய்தே காட்டியிருக்கிறார்.

அண்ணனோடு பேசுவதைத் தீபாவளிக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். பெரியப்பா, சித்தப்பா எல்லோரும் இருக்கிற கூடத்தில் அவர் இறங்கி வர முடியாது. அவர் லீவில் வரும்போது, தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில், இரண்டே பேராக இருங்கள். மாமாவை நீக்கியது பிழை என்று தொடங்க வேண்டாம். “அண்ணா, நானும் அன்றைக்குப் பெருவிரல் போட்டேன். ஆனால் அவர் கேட்டதற்கு நமக்குப் பதில் தெரியாதே, சங்கத்துத் தலைவர் கேட்டால் என்ன சொல்வோம்?” என்று தொடங்குங்கள். அவருக்கும் பதில் தெரியாது என்பதை அவரே கண்டுகொள்ளட்டும்.

அட்மின் விஷயம். எடுங்கள், ஆனால் சும்மா எடுக்காதீர்கள். இரண்டு அட்மின்களும் சம்மதிக்காமல் யாரையும் நீக்கக்கூடாது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். இன்னொன்று, தோட்டத்தைப் பாதிக்கிற விஷயத்தில் குழு ஒரு முடிவுக்கு வரும் முன், எதிராக என்ன சொல்லலாம் என்று கேட்கிற வேலையை அண்ணனே செய்யட்டும். ரொபட் கெனடி செய்தது அதைத்தான். அட்மின் கேட்டால் துரோகி என்று ஒருவனும் சொல்லமாட்டான். இந்த இரண்டுக்கும் அண்ணன் சம்மதிக்காவிட்டால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். அவர் நீக்குகிற ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் உங்கள் பெயரும் நிற்க வேண்டியதில்லை.

மாமாவைக் குழுவில் திரும்பச் சேர்ப்பது பிறகு நடக்கட்டும். அவருக்கு அதில் விருப்பம் இருக்குமோ தெரியாது, ஏச்சு வாங்கிய மனிதர். அதற்கு முன் ஒரு சனிக்கிழமை நேரில் போய் அவரைப் பாருங்கள். மன்னிப்பு என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம், “நீங்கள் கேட்டது சரி மாமா, அன்றைக்கு நான் சொல்லவில்லை” என்றால் போதும். போகும்போது அம்மாவின் கடைசி மூன்று மாதச் சம்பளச் சிட்டைகளையும் எடுத்துக்கொண்டு போங்கள். எந்த இடத்தில் எதைக் கழித்திருக்கிறார்கள் என்று அவர் வாசித்துக் காட்டுவார். குழுவில் நீங்கள் போட வேண்டிய முதல் கேள்வி அதிலிருந்தே கிடைக்கும்.